ஐந்தடிக் கயிறும் நிலையான புள்ளியும்

வட்டம் என்றால் என்ன என்று சித்தனுக்குத் தெரியும். ஏற்காட்டில் இப்படிச் சொல்லிக்கொள்ளக்கூடியவர்கள் அதிகம் இல்லை. ரவுண்டானா என்று நாம் சொல்லும் இடம் வட்டமாக இல்லை. ஏரியைச் சுற்றி வந்தவர்கள் ஒரு ரவுண்டு அடித்ததாகச் சொல்கிறார்கள். அந்த ஏரி எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் வட்டமாக இருந்ததில்லை. சித்தனிடம் கேட்டால் கையிலிருக்கும் கொத்துக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சொல்வார்: "ஒரு நிலையான புள்ளியிலிருந்து சம தூரத்தில் அமைந்த எல்லாப் புள்ளிகளும் சேர்ந்தது வட்டம். அது தரையில. அதையே மேல கீழ எல்லாப் பக்கமும் எடுத்தீங்கன்னா கோளம்." முதல் வாக்கியம் கரும்பலகையிலிருந்து வந்தது. மற்றது அவருடையது.

பக்கத்து ஊரான வாழவந்திக்காரர், மேஸ்திரி. நாற்பத்தாறு வயது. ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடம் போதும் என்று அவரும் பள்ளிக்கூடமும் ஒரே நேரத்தில் முடிவு செய்தார்கள். அதன்பிறகு எஸ்டேட்டுகளில் தடுப்புச் சுவர், தண்ணீர்த் தொட்டி, கோழிக் கூண்டு என்று நேர்கோட்டிலேயே வாழ்ந்தவர். மூன்று வருடங்களுக்கு முன்பு குப்பனூரில் சாண எரிவாயுக் கலன் கட்டக் கற்றுத்தரும் பத்து நாள் முகாம் நடந்தது. சோறு போடுகிறார்கள் என்று போனார். பாடம் எடுத்தவர் முதல் நாள் செங்கல்லையே தொடவிடவில்லை. பலகையில் அந்த வரையறையை எழுதிப் போட்டார். மற்ற ஒன்பது மேஸ்திரிகளும் டீ குடிக்கப் போய்விட்டார்கள். சித்தன் மட்டும் உட்கார்ந்து அதை ஒரு சிமெண்டுப் பையின் கிழிசலில் எழுதிக்கொண்டார்.

"வேற எந்த வேலைக்கும் இவ்வளவு கம்மியா சொல்லிக்குடுத்ததில்லீங்க. ஒரு புள்ளி, ஒரு கயிறு. அவ்வளவுதான். மிச்சம் பூராவும் அதுவே பாத்துக்குது" என்பார்.

வரையறையில் அவருக்கு மிகப் பிடித்த இடம் வேறு. வட்டம் என்பது விளிம்பு மட்டுமே, நடுவிலிருக்கும் நிலப்பரப்பு அதில் சேர்த்தியில்லை. கோளம் என்பதும் அப்படித்தான், வெறும் தோல். படித்தவர்களே தடுமாறும் இந்த இடத்தைச் சித்தன் ஒரு நொடியில் தாண்டிவிட்டார். "உள்ள இருக்கறது கோளம் இல்லீங்க. அது சாணி."

கலன் கட்டும் முறை எளிமையானது. குழி வெட்டி, தளம் போட்டு, தளத்தின் நடுவே ஒரு கம்பியை நட்டு, அதில் ஐந்தடி நூல்கயிற்றை இறுகக் கட்ட வேண்டும். கயிற்றின் மறுமுனை எங்கே போய்த் தொடுகிறதோ அங்கே செங்கல்லின் உள்விளிம்பு இருக்க வேண்டும். ஒரு வரிசை முடிந்தால் அதன்மேல் அடுத்தது. கயிறு கொஞ்சம் கொஞ்சமாக மேல்நோக்கிச் சாயும். சுவர் தானாகவே உள்நோக்கி வளைந்து, கடைசியில் உச்சியில் மூடிக் கும்மட்டமாகும், மேஸ்திரிகள் பேச்சில் டோமு. முட்டுக்கொடுக்கப் பலகை கிடையாது. வரிசை முடியும்வரை எந்தச் செங்கல்லும் தனியாக நிற்கத் துணியாது. முடிந்தபின் எதையும் தள்ள முடியாது. கோளம் சரியாக இருந்தால் பாரம் எல்லாப் பக்கமும் ஒன்றுபோல் இறங்கும், விரிசல் விழாது, வாயு உள்ளேயே இருக்கும். கோளம் பிசகினால் வாயு போய்விடும். மலையில் வாயுவுக்குப் போக இடமா இல்லை.

முகாமில் கட்டிய கும்மட்டம் இன்றும் கல்லுமாதிரி நிற்கிறது. ஊருக்கு வந்து சித்தன் தனியாகக் கட்டிய முதல் கும்மட்டம் ஆறு மாதத்தில் விரிந்தது. அது வாழவந்தியில் கோவிந்தராஜின் வீட்டில் கட்டியது. கோவிந்தராஜ் கொஞ்சம் காப்பியும் கொஞ்சம் ஆரஞ்சும் இரண்டு எருமையும் வைத்திருப்பவர். விரிசல் நெடுக்காக ஓடவில்லை. வளையல் போட்டதுபோலச் சுற்றி ஓடியது, ஒன்றன்மேல் ஒன்றாக ஏழு வளையல்.

காரணம் சித்தனுக்குத் தெரிந்திருந்தது. தினமும் காலையில் வேலை தொடங்குமுன் கயிற்றை ஒரு மூங்கில் அளவுகோலோடு வைத்துப் பார்ப்பது அவர் வழக்கம். தினமும் கயிறு மூன்று விரற்கடை குட்டையாகியிருக்கும். ராத்திரிப் பனியில் நனைந்து நூல் சுருங்கிவிடுகிறது என்று முனை முடிச்சைத் தள்ளிப்போட்டுச் சரிசெய்துகொள்வார். முந்தைய நாள் கடைசி வரிசை உள்ளே தள்ளியிருக்கும், அன்றைய முதல் வரிசை வெளியே நிற்கும். அந்தப் படியைக் கலவை அப்பி மறைத்துவிடுவார். விரிசல் அந்தப் படிகளில்தான் விழுந்தது.

"பனி இழுத்துருச்சுங்க" என்றார் கோவிந்தராஜிடம்.

கோவிந்தராஜ் நம்பினார். ஊரே நம்பியது. ஏற்காட்டில் பஸ் தாமதமானாலும், காப்பிப் பூ உதிர்ந்தாலும், மாப்பிள்ளை வீட்டார் வராவிட்டாலும் பனிதான் காரணம். கும்மட்டம் மட்டும் என்ன விதிவிலக்கா. சித்தனை யாரும் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அடுத்த கும்மட்டம் கட்டவும் யாரும் கூப்பிடவில்லை. ஒன்றரை வருடம் மறுபடியும் கோழிக் கூண்டு.

அப்படி இருக்கும்போதுதான் ஷேக் தாவூத் கூப்பிட்டனுப்பினார். ஏற்காட்டில் டீக்கடை வைத்திருப்பவர். கடைக்குப் பின்னால் சரிவில் வீடு, வீட்டோடு நான்கு மாடுகள். சாணம் மழைக்குக் கரைந்து கீழே பக்கத்துக்காரர் காப்பித் தோட்டத்தில் இறங்குவது பற்றி ஐந்து வருடமாகப் பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருந்தது.

"மேஸ்திரி, கோவிந்தராஜ் ஊட்டுக் கதையெல்லாம் எனக்குத் தெரியும். பனிய நான் ஒண்ணும் பண்ண முடியாது. ஆனா இதுவும் ஒழுகிச்சுன்னா இந்த மலையில உங்கள நம்பி ஒருத்தரும் குழி வெட்ட மாட்டாங்க. அத நெனப்புல வெச்சுக்கங்க."

"ஒரு தார்ப்பாய் குடுங்க பாய். கயித்த நனைய உட மாட்டேன்" என்றார் சித்தன்.

தார்ப்பாய் கட்டினார்கள். முடிச்சும் நனையாதிருக்கச் சித்தன் கம்பியின் அடிப்பாகத்தைக் கோணிச் சாக்கால் மூடிவைத்தார். மூன்று நாளில் ஒன்பது வரிசை ஏறியது. ஷேக் தாவூதும் குழிக்குள் இறங்கிச் செங்கல் எடுத்துக் கொடுத்தார். இரண்டாம் நாள் காலையும் மூன்றாம் நாள் காலையும் அளவுகோல் வைத்துப் பார்த்தபோது, தார்ப்பாய்க்கு அடியில் காய்ந்த சுள்ளிபோல இருந்த கயிறு, மூன்று விரற்கடை குட்டையாகியிருந்தது.

"தார்ப்பாய்லயும் பூந்துருதுங்க" என்றார் சித்தன். குரலில் பனியின் மேல் ஒரு மரியாதைகூட இருந்தது.

நான்காம் நாள் சித்தன் வரவில்லை. மனைவி முத்தாயிக்குக் காய்ச்சல், சேலம் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியதாகிவிட்டது. கலந்துவைத்த கலவை வீணாகப் போகிறதே என்று ஷேக் தாவூத் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு தானே இறங்கினார். மூன்று நாள் பார்த்தவருக்கு இதில் என்ன பெரிய வித்தை. மாலைக்குள் மூன்று வரிசை வைத்துவிட்டார்.

மறுநாள் சித்தன் வந்து குழியை எட்டிப் பார்த்தார்.

"யாருங்க இதுல கைய வெச்சது?"

"நான்தான். ஏன், கோணலா இருக்குதா?"

சித்தன் அளவுகோலை எடுத்துக்கொண்டு இறங்கினார். முந்தின ராத்திரி அந்த வருடத்திலேயே கனத்த பனி. தார்ப்பாயில் தேங்கிய தண்ணீரைக் குடத்தில் பிடிக்கலாம்போல இருந்தது. கயிற்றை இழுத்து அளவுகோலில் வைத்தார். மறுபடி வைத்தார். சரியாக ஐந்தடி.

"பனி இழுக்கலையே" என்றார். நல்ல செய்தியை இவ்வளவு கவலையோடு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

"நல்லதுதானுங்களே" என்றார் மேலே நின்ற ஜமீலா, பாயின் மனைவி.

"நல்லது எப்படிங்க்கா? வேர்வைமாதிரி பனி கொட்டியிருக்குது, கயிறு அப்பிடியே இருக்குது. முந்தாநேத்து காஞ்சு கெடந்துச்சு, சுருங்கிப்போச்சு. பாய், நெசமாச் சொல்லுங்க. கயித்த மாத்திப்போட்டீங்களா?"

"அட, நீங்க வெச்ச மாதிரிதான் வெச்சேன். இங்க தொடங்குனேன், இப்பிடியே..." ஷேக் தாவூத் கயிற்று முனையைப் பிடித்துக்கொண்டு இடப்பக்கமாக நடந்து காட்டினார்.

சித்தனின் முகம் மாறியது. "அப்பிடியா சுத்துனீங்க?"

"பின்னே?"

"இடப்பக்கமாவா? எழவு ஊட்டுல பொணத்தத்தான் அப்பிடிச் சுத்துவாங்க பாய். சேர்வராயன் கோயிலுக்குப் போனாலும் சரி, கெணத்துக்கு உறை எறக்குனாலும் சரி, நா வலமாத்தான் வருவேன். இன்னைய வரைக்கும் மாறுனதில்ல."

"எங்க ஆண்டவன் ஊட்டையே நாங்க இப்பிடித்தான் மேஸ்திரி சுத்தறோம். போன வருசந்தான் ஹஜ்ஜுக்குப் போயி ஏழு சுத்து சுத்திட்டு வந்தேன். கால் தானா இப்பிடித்தான் போகுது."

"ஏரியச் சுத்துனாலும் இப்ப அப்பிடித்தானுங்க. எதுக்க வர்றவங்க எல்லாரும் இவர முட்டிட்டுத்தான் போறாங்க" என்றார் ஜமீலா.

யாரும் சிரிக்கவில்லை. இரண்டு பேரும் ஆளுக்கொரு செங்கல்லைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். எதிராளியின் சாமியைத் தொட்டுவிட்டோமோ என்ற பயம் இரு முகத்திலும் ஒரே அளவில் இருந்தது.

"சண்டை போடறதுன்னா குழிய உட்டு வெளிய வந்து போடுங்க. உள்ள எடம் பத்தாது" என்றார் ஜமீலா.

அவர்களுடைய மகள் ருக்சானா இதற்குள் ஏணி வழியாக இறங்கியிருந்தாள். சேலத்தில் கல்லூரியில் கணிதம் படிக்கிறாள், விடுமுறைக்கு வந்தவள். அவள் நேராக நடுவிலிருந்த கம்பியிடம் போய் கோணிச் சாக்கைத் தூக்கினாள்.

"சித்தண்ணா, இதப் பாருங்க."

கம்பியின் அடியில் கயிறு பம்பரத்தில் சுற்றியதுபோல நெருக்கமாகச் சுற்றிக் கிடந்தது. இறுகக் கட்டிய முடிச்சு அசையவில்லை. சித்தன் வலமாக ஒரு வரிசை வந்து முடிக்கும்போதெல்லாம் கயிறு கம்பியைத் தானும் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டிருக்கிறது. சுற்றுக்கு ஒரு விரற்கடை. ஒரு நாளைக்கு மூன்று வரிசை, மூன்று விரற்கடை.

சித்தன் குந்தி உட்கார்ந்து சுற்றுகளை எண்ணினார். ஆறு. ஒன்பது இருந்திருக்க வேண்டும். மீதி மூன்றைப் பாய் நேற்று பிரித்துவிட்டிருந்தார்.

வரையறையில் பிழையில்லை. நிலையான புள்ளி இருந்தது, சம தூரம் என்ற எண்ணம் இருந்தது. ஆனால் அந்த வரையறையில் யாரும் நடப்பதில்லை. புள்ளிகள் எல்லாம் எப்போதும் அங்கேயே இருக்கின்றன. எதற்குப் பின் எது வந்தது, யார் எந்தப் பக்கமாக வந்தார்கள் என்ற கேள்வியே அங்கே இல்லை. குழிக்குள் இறங்கிக் கட்டுகிறவனோ ஒரு பக்கமாக நடந்தாக வேண்டியிருக்கிறது. கயிற்றுக்குத் தடிமன் இருக்கிறது, கம்பிக்குச் சுற்றளவு இருக்கிறது, மனிதனுக்குப் பழக்கம் இருக்கிறது. முகாமில் பத்துப் பேர் ஆளுக்கொரு பக்கம் சுற்றினார்கள். ஒருவர் சுற்றியதை அடுத்தவர் அவிழ்த்தார். அது பிழைத்தது ஒழுங்கீனத்தால். கோவிந்தராஜ் வீட்டுக் கும்மட்டத்தை ஒரே ஆள், ஒரே நெறியில், ஒருமுறைகூட மாறாமல் கட்டினார். அது விரிந்தது.

சித்தன் அந்த ஆறு சுற்றையும் ஒவ்வொன்றாக அவிழ்த்தார். பிறகு, "அப்ப பனி இல்ல" என்றார்.

"விடுங்க மேஸ்திரி. படி இருக்கற எடத்துல நல்லாக் கலவை போட்டுப் பூசிருவோம். தெரியாம நடந்தது" என்றார் ஷேக் தாவூத்.

"கோவிந்தராஜ் ஊட்லயும் பூசித்தானுங்க வெச்சேன்."

"சரி, அடுத்த வருசம் விரிஞ்சா அப்ப பாத்துக்கலாம். பனின்னு சொல்லிருவோம். எங்களுக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். வெளிய யாருக்குத் தெரியும்?"

அதுதான் சிக்கல். பூசிவிட்டால் இரண்டு நாளில் வேலை முடியும், பெயர் இப்போதைக்கு மிஞ்சும். இடித்தால், ஏன் இடித்தாய் என்று ஏற்காட்டில் எல்லோரும் கேட்பார்கள். அந்தக் கேள்விக்கு உண்மையான பதிலைச் சொன்னால் அது வாழவந்தி வரைக்கும் போய்ச்சேரும். பனியைக் குற்றவாளியாக்கித்தான் ஒன்றரை வருடமாகச் சித்தன் தலைநிமிர்ந்து நடந்திருக்கிறார். கும்மட்ட வேலை இல்லாமல் நடந்தார் என்பது வேறு விஷயம்.

அவர் சுத்தியலை எடுத்தார்.

"எல்லாத்தையுமா?" என்றார் ஷேக் தாவூத். "நான் வெச்ச மூணு வரிசையுமா?"

"உங்களோடது என்னோடதுக்கு மேல நிக்குதுங்க பாய்."

பன்னிரண்டு வரிசையும் இறங்கின. கலவை முழுதாக இறுகாததால் செங்கல் சேதமில்லாமல் வந்தது. மறுபடி தொடங்குமுன் ருக்சானா ஒரு வழி சொன்னாள். கம்பியில் கயிற்றைக் கட்டாமல் ஒரு இரும்பு வளையத்தைப் போட்டு வளையத்தில் கட்டினால், ஆளோடு வளையமும் சுற்றும், கயிறு சுற்றிக்கொள்ளாது. எந்தக் கணித ஆசிரியரும் ஒப்புக்கொள்ளக்கூடிய வழி.

சித்தன் வளையத்தைக் கம்பியில் போட்டு ஆட்டிப் பார்த்தார். லொடலொடவென்றது.

"கண்ணு, நிலையான புள்ளின்னு எழுதிப்போட்டாங்க. இது ஆடுது பாரு. ஆடறது எப்பிடி நிலையான புள்ளி ஆகும்?"

"இழுத்துப் பிடிச்சா ஆடாது சித்தண்ணா."

"இழுத்துப் பிடிச்சாத்தான் நிக்கும்னா அது நிலையா இல்லைன்னுதானே அர்த்தம்?"

ருக்சானா வளையத்தைக் கம்பியிலிருந்து கழற்றி எடுத்துக்கொண்டாள். முதல் பருவத்தில் எழுபத்தெட்டு மதிப்பெண் வாங்கியவள்.

கடைசியில் நடந்தது இதுதான். ஒரு வரிசை சித்தன் வலமாக வைத்தார். அடுத்த வரிசை ஷேக் தாவூத் இடமாக வைத்தார். அவர் சுற்றியதை இவர் அவிழ்த்தார். கடையை ஜமீலா பார்த்துக்கொண்டார். டீ முன்பைவிட நன்றாக இருப்பதாக வாடிக்கையாளர்கள் சொன்னதைக் கணவரிடம் சொல்லவில்லை. மத நல்லிணக்கம் என்று இதை யாரும் அங்கே பேசவில்லை. குழிக்குள் நடந்த பேச்செல்லாம் கலவை கெட்டியா, தளர்வா என்பதைப் பற்றியே. இருவருக்கும் எதிராளி சுற்றும் பக்கம் தப்பு என்பதில் கடைசிவரை சந்தேகம் வரவில்லை.

"இப்பவும் ஒரு விரற்கடை வித்தியாசம் வரும்" என்று மேலிருந்து ருக்சானா நினைவூட்டினாள். "வரிசை தொடங்கற எடத்துக்கும் முடியற எடத்துக்கும்."

"வரட்டும் சாமி. ஒரு விரற்கடைய கலவை தாங்கிக்கும். மூணத்தான் தாங்காது."

எட்டு நாளில் உச்சி மூடியது. வரையறைப்படி பார்த்தால் அது கோளமில்லை. வரையறைப்படி பார்த்தால் உலகத்தில் எதுவுமில்லை. நாற்பது நாள் சாணம் ஊறியபின் கும்மட்டத்தின் மேல் முழுக்கச் சோப்புத் தண்ணீர் தடவி, ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்து பார்த்தார்கள். ஒரு குமிழிகூட வரவில்லை. கடையில் அடுப்பு நீலமாக எரிந்தது. ஷேக் தாவூத் வருகிறவர்களிடமெல்லாம் பாதிக் கும்மட்டம் தன்னுடையது என்று சொல்லிக்கொண்டிருந்தார். அந்த மாதமே சித்தனைத் தேடி எஸ்டேட் கணக்கெழுதும் ரைட்டர்கள் இரண்டு பேர் வந்தார்கள்.

சித்தன் அவர்களிடம் போகவில்லை. வாழவந்திக்குப் போய் கோவிந்தராஜின் வாசலில் நின்றார்.

"உங்க டோமு விரிஞ்சது பனியால இல்லீங்க. என்னாலதான்." கயிறு, கம்பி, வலம், இடம் எல்லாவற்றையும் விளக்கினார்.

கோவிந்தராஜ் பொறுமையாகக் கேட்டார். "நொம்பப் படிச்ச புள்ளைங்க பேச்சக் கேட்டுக் கொழம்பிட்ட. பனிதான் சித்தா. என்ற எருமைக்கே அந்த வருசம் பனி ஒத்துக்கல."

"இல்லீங்க, நாந்தான்."

"பனின்னு நாந்தான் எல்லார்த்துக்கிட்டயும் சொல்லியிருக்கறேன். இப்ப நீ வந்து இல்லைங்கற. என்ற பேச்சு என்ன ஆவறது?"

"உங்க பேச்சு அப்பிடியே இருக்கட்டும். டோமை மட்டும் இடிச்சுக் கட்டிக் குடுத்தர்றனுங்க."

இதற்குக் கோவிந்தராஜ் மறுப்புச் சொல்லவில்லை. பழி யார் மேல் விழுந்தாலும் அடுப்பு எரிந்தால் போதும்.

இடித்து முடித்த மறுநாள் காலை சித்தன் ஐந்தடிக் கயிற்றைக் கம்பியில் இறுகக் கட்டி, முதல் வரிசையை வலமாக வைத்து முடித்தார். அடுத்த வரிசைக்கு ஷேக் தாவூத் இல்லை. ஞாயிற்றுக்கிழமை, சுற்றுலாக் கூட்டம், கடையை விட்டு வர முடியாது என்று முன்பே சொல்லிவிட்டார். கோவிந்தராஜ் ஒருமுறை தானும் முயன்று, செங்கல்லைக் காலில் போட்டுக்கொண்டு, குழி விளிம்பில் போய் உட்கார்ந்துவிட்டார். சித்தன் கம்பியைப் பார்த்தார். கயிறு ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டு இருந்தது.

தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். கலவையைக் கரண்டியில் அள்ளி, இடப்பக்கமாக முதல் அடி எடுத்துவைத்தார்.

மேலிருந்து பார்த்துக்கொண்டிருந்த கோவிந்தராஜ் பதறிப்போய் எழுந்தார். "ஏய், என்ன மேஸ்திரி பண்ற? எழவு ஊடா இது?"

"ஆமாங்க" என்றார் சித்தன், கயிற்றை இழுத்துப் பிடித்துச் செங்கல்லின் விளிம்பில் வைத்தபடி. "இங்க ஒரு டோமு செத்துப்போச்சுல்ல. அதுக்கு இப்பத்தான் காரியம் பண்றேன்."